வளைவில் திரும்பும் சக்கரம்

சில ஆண்டுகளுக்கு முன் பழைய மோட்டார் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினேன். அதற்குப் புதிய டயர்கள் பூட்டி ஐந்து மாதங்கள்கூட நிறையவில்லை. முன் டயர்கள் இரண்டின் வெளி ஓரமும் அரத்தால் அராவியதுபோல் தேய்ந்துவிட்டன. உள் ஓரத்திலோ வரிகள் புத்தம் புதியனவாக இருந்தன. டயர் செய்தவர்களை மனத்துக்குள் வைதுகொண்டே பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த முதிய மிஸ்திரி தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு. எதிர்ப்பக்கமாகத் தடவினால் விரலைக் கீறும் சொரசொரப்பு. பிறகு, பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தார், இருபுறமும் அளந்தார். "டயர் மேல குத்தமில்லை சார். முன்பக்கம் நாலு நூல் உள்ளே வாங்கியிருக்கு" என்றார்.

ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைத் தச்சரும் கொல்லரும் நூல் என்பர். ஆக, என் வண்டியின் முன் சக்கரங்கள் இரண்டும் பின்புறத்தைக் காட்டிலும் முன்புறத்தில் அரை அங்குலம் நெருங்கி நின்றன. அரை அங்குலம் பெரிதா என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். டயரின் விட்டம் 600 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு சக்கரமும் நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 0.6 பாகை விலகி நிற்கிறது. வண்டி ஒரு கிலோமீட்டர் நேராக ஓடும்போது அச்சக்கரம் பத்து மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் பத்துக் கிலோமீட்டர்! டயர் தேய்ந்தது வியப்பன்று. ஐந்து மாதம் உழைத்ததே வியப்பு.

"சரி, இரண்டையும் நேராக வைத்துவிடுங்கள்" என்றேன். மிஸ்திரி தலையை ஆட்டினார். "முழுக்க நேரா வைக்கக் கூடாது சார். அரை நூலாவது உள்ளே வாங்கித்தான் இருக்கணும். ஏன்னு கேட்டா, எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்" என்றார். அவருடைய வாத்தியாருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் விடையைத் தேடிப் போனபோது, மோட்டாருக்கு நூறாண்டுகள் முற்பட்ட குதிரை வண்டிப் பட்டறைகளில் போய் நின்றேன். அந்த வரலாற்றையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நம் மாட்டுவண்டியை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இருப்பவை இரண்டே சக்கரங்கள். இரண்டும் ஓர் இருசின் இரு முனைகளில் தனித்தனியே சுழல்கின்றன. காளைகள் திரும்பினால் வண்டியும் திரும்பும். வெளிச் சக்கரம் விரைந்தும் உட்சக்கரம் மெதுவாகவும் உருளும். அங்கே சிக்கல் ஏதும் இல்லை. சக்கரம் நான்காகும்போதே தொல்லை தொடங்குகிறது. கோயில் தேர் தெருமுனையில் திரும்புவதைக் கண்டிருப்பீர்கள். அதன் இருசுகள் அசையா. ஆகையால் முட்டுக்கட்டைகளைச் சக்கரத்தின் அடியில் கொடுத்துக் கொடுத்து, அந்தப் பெருஞ்சுமையைத் தரையில் தேய்த்தே திருப்புகிறார்கள். ஆண்டுக்கு ஒருநாள், நான்கு வீதியில், ஊர் கூடி இழுக்கும் தேருக்கு அது போதும். நாள்தோறும் நூறு முறை திரும்ப வேண்டிய வண்டிக்கு?

ஐரோப்பாவின் வண்டித் தச்சர்கள் இதற்குக் கண்ட வழி எளியது. முன் இருசின் நடுவில் ஒரு தடித்த ஆணியை நிறுத்தி, இருசு முழுவதும் அதைச் சுற்றித் திரும்புமாறு செய்தனர். இந்த முறையில் மூன்று குறைகள் இருந்தன. திரும்பும் இருசு வண்டியின் உடலில் இடிக்காதிருக்க, முன் சக்கரங்களைச் சிறியனவாகச் செய்ய வேண்டியிருந்தது. சிறிய சக்கரம் பள்ளத்தில் ஆழ விழும். ஒரு பக்கச் சக்கரம் கல்லில் மோதினால், பாதி இருசின் நீளம் முழுவதும் நெம்புகோலாக நின்று, இருசையே முறுக்கித் திருப்பிவிடும். மூன்றாவதே உயிருக்கு உலை வைப்பது. நான்கு கால் மேசை ஒன்றின் முன்கால்கள் இரண்டையும் நடுவை நோக்கி நெருக்கி வைத்தால் என்னாகும்? மூலையில் கையூன்றினால் மேசை சாயும். இருசு முழுவதாகத் திரும்பும்போது வண்டியின் நிலையும் அதுவே. விரைந்து திரும்பிய கோச்சு வண்டிகள் குடை சாய்ந்தன.

இந்த அபாயத்தைத் தம் தொழிலில் நாள்தோறும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்த ஒருவர், இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு நகரில் மருத்துவம் செய்துவந்த எராஸ்மஸ் டார்வின். உயிரினப் பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற சார்லஸ் டார்வினின் பாட்டனார் இவர். நோயாளிகளை நாடிக் கரடுமுரடான நாட்டுப்புறச் சாலைகளில் ஓயாது பயணம் செய்த இவர், 1760ஆம் ஆண்டை ஒட்டி ஒரு புதிய அமைப்பைச் சிந்தித்தார். இருசு திரும்ப வேண்டாம். அது அசையாது நிற்கட்டும். அதன் இரு முனைகளிலும் தனித்தனியே நிற்கும் ஆணிகளைச் சுற்றிச் சக்கரங்கள் மட்டும் திரும்பட்டும். இதனைத் தம் வண்டியிலேயே பொருத்திப் பல்லாயிரம் மைல் பயணம் செய்தும் பார்த்தார். ஆனால் காப்புரிமை பெறவில்லை. கருத்து அவரோடு நின்றுவிட்டது. 1768ஆம் ஆண்டில் அவரே ஒரு வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, முழங்காற் சில்லு உடைந்து, பின் வாழ்நாள் முழுதும் சற்றே நொண்டி நடந்தார் என்பது வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

அரை நூற்றாண்டு கழிந்தது. பவேரியாவின் தலைநகரான மியூனிக்கில் அரசவை வண்டித் தச்சராக இருந்த கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர், டார்வினின் முயற்சியைச் சாராமல், 1816ஆம் ஆண்டில் அதே கருத்தைத் தாமே கண்டார். இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற அவருக்கு ஒரு முகவர் தேவைப்பட்டார். சாக்சனி நாட்டில் பிறந்து இலண்டனில் குடியேறியிருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆக்கர்மன் சாதாரண ஆள் அல்லர். சேணத் தொழில் பயின்று, வண்டி வடிவமைப்பில் பெயர் பெற்று, பின்னர் இலண்டனில் படப் பதிப்பகம் நடத்திப் பெரும் செல்வாக்குப் பெற்றவர். 1805ஆம் ஆண்டில் மாண்ட கடற்படைத் தலைவர் நெல்சனின் இறுதி ஊர்வல வண்டி அமைப்பிலும் அவர் கைவண்ணம் உண்டு. 1818ஆம் ஆண்டில் ஆங்கிலக் காப்புரிமை ஆக்கர்மன் பெயரில் பதிவாயிற்று. விளைவு என்ன? இன்று உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் படிப்பது ஆக்கர்மன் அமைப்பு. லாங்கன்ஸ்பெர்கரின் பெயரைக் கேள்வித்தாளில் கண்ட மாணவன் ஒருவனையும் நான் சந்தித்ததில்லை. ஆக்கர்மன் ஏமாற்றவில்லை, முகவர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டார். பெயரைப் பறித்தது மனிதர்களின் மறதி.

அந்த அமைப்பின் நுட்பத்தை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். வண்டி வளைவில் செல்லும்போது நான்கு சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்றி நான்கு வட்டங்களை வரைகின்றன. எந்தச் சக்கரமும் தேயாமல் உருள வேண்டுமானால், ஒவ்வொரு சக்கரத்தின் இருசுக் கோடும் அந்த ஒரே மையத்தைச் சுட்ட வேண்டும். பின் இருசு அசையாதது. எனவே மையம் பின் இருசின் நீட்சியில் எங்கோ விழும். முன் சக்கரங்கள் இரண்டும் அந்தப் புள்ளியைச் சுட்டவேண்டுமென்றால், அவை சமமாகத் திரும்பக் கூடாது. முன் இருசுக்கும் பின் இருசுக்கும் இடையே 2.5 மீட்டரும், முன் ஆணிகளுக்கிடையே 1.25 மீட்டரும் உள்ள வண்டி ஒன்று, தன் நடுக்கோட்டிலிருந்து 5 மீட்டர் தொலைவிலுள்ள மையத்தைச் சுற்றுவதாகக் கொள்வோம். உட்சக்கரம் ஏறத்தாழ 30 பாகை திரும்ப வேண்டும். வெளிச் சக்கரம் 24 பாகையே திரும்ப வேண்டும். காகிதமும் கோண அளவியும் கொண்டு நீங்களே வரைந்து சரிபார்க்கலாம்.

இவ்வளவு நல்ல அமைப்பைக் குதிரை வண்டி உலகம் பெரும்பாலும் ஏற்கவில்லை. குதிரை இழுக்கும் வண்டியில் முன்னுள்ள ஏர்க்காலே இருசைத் திருப்பிவிடுகிறது; கூடுதலான மூட்டுகளும் கோல்களும் எதற்கு என்று தச்சர்கள் கருதினர். குதிரை போய் எந்திரம் வந்தபோதுதான் அந்தப் பழைய கருத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. பிரான்சு நாட்டில் லெ மான் நகரில் கோயில் மணி வார்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த அமதே பொல்லே, 1873ஆம் ஆண்டில் பன்னிருவர் அமரும் நீராவி வண்டி ஒன்றைக் கட்டினார். அதன் முன் சக்கரங்கள் தனித்தனி ஆணிகளில் திரும்பின. அவ்வண்டிக்கு அவர் இட்ட பெயரின் பொருள், சொன்னபடி கேட்பவள் என்பது. 1875ஆம் ஆண்டில் அவள் லெ மானிலிருந்து பாரிசுக்கு 18 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

பாரிசில் வண்டி செய்துவந்த ஷார்ல் ழாந்தோ 1878ஆம் ஆண்டில், சக்கரங்களைத் திருப்பும் கைக்கோல்கள் இரண்டையும் பின் இருசின் நடுப்புள்ளியை நோக்கிச் சாய்த்து அமைத்தால், உட்சக்கரம் தானாகவே கூடுதலாகத் திரும்பும் என்று காட்டினார். பிரெஞ்சு நூல்களில் இதனை ழாந்தோ வரைபடம் என்றே வழங்குகின்றனர். இவர் பின்னர் மின்சார வண்டிகள் செய்தார். 1898ஆம் ஆண்டு டிசம்பரில் மணிக்கு 63 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, மோட்டார் வண்டியின் முதல் வேகச் சாதனையை நிலைநாட்டியது இவர் செய்த வண்டியே.

செர்மனியில் கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற புகழ்மிக்க வண்டிக்கு ஏன் மூன்றே சக்கரங்கள்? நான்கு சக்கர வண்டியைத் திருப்பும் முறை அவருக்கு மனநிறைவாக அமையவில்லை என்பதே காரணம். 1893ஆம் ஆண்டில் தனித்தனி ஆணிகளில் திரும்பும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்ற பிறகே, விக்டோரியா என்னும் நான்கு சக்கர வண்டியை அவர் வெளியிட்டார். நவீன மோட்டாரின் தந்தை எனப்படுபவர் எந்திரத்தை வென்ற பின்னும் ஏழாண்டுகள் ஒரு மூலைத் திருப்பத்துக்காகக் காத்திருந்தார்.

இப்போது மிஸ்திரியின் அரை நூலுக்கு வருவோம். ஐரோப்பியக் குதிரை வண்டியின் சக்கரம் தட்டையானதன்று. வெளிப்புறம் தாம்பாளம்போல் குழிந்திருக்கும். குதிரை நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் வண்டியின் சுமை இடமும் வலமுமாகத் தள்ளப்படுகிறது. தட்டையான சக்கரமானால் ஆரக்கால்கள் குடத்தில் ஆடி ஆடித் தளர்ந்துவிடும். குழிந்த சக்கரம் அந்த இடியைத் தாங்கும். ஆனால் குழிந்த சக்கரத்தை நேரே நிறுத்தினால் அதன் ஆரக்கால்கள் சாய்ந்தே நிற்கும். சுமையைத் தாங்கும் அடி ஆரக்கால் தூண்போல் செங்குத்தாக நிற்க வேண்டும் அல்லவா? அதற்காக இருசின் முனையைத் தச்சன் சற்றே கீழ்நோக்கி வளைத்தான். அதனால் சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்தது. சாய்ந்த சக்கரமோ, தரையில் உருட்டிவிட்ட புனல்போல வெளிப்புறமாக வளைந்து ஓடப் பார்க்கும். குடம் கடையாணியை ஓயாமல் நெரிக்கும். அதைத் தடுக்க இருசு முனையைச் சற்றே முன்னோக்கியும் வளைத்தான். அப்போது சக்கரங்கள் முன்புறத்தில் சிறிது உள்வாங்கி நின்றன.

இன்றைய பட்டறையில் காம்பர் என்று சொல்லும் சாய்வும், டோ-இன் என்று சொல்லும் உள்வாங்கலும் இவையே. மோட்டார் செய்தவர்கள் இவற்றைத் தச்சரிடமிருந்து அப்படியே பெற்றுக்கொண்டனர். காரணங்களை மட்டும் மாற்றிக்கொண்டனர். சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்தால், டயர் தரையைத் தொடும் இடம் ஆணியின் நேர்கீழே நெருங்குகிறது. ஆகவே கல்லின் இடி ஓட்டுநரின் கையை முறுக்குவது குறைகிறது. பின் சக்கரங்கள் தள்ளும் வண்டியில் முன் சக்கரங்களைத் தரை பின்னோக்கி இழுக்கிறது; கோல்களின் மூட்டுகளிலுள்ள நெகிழ்ச்சியால் அவை ஓடும்போது சற்று வெளியே விரிகின்றன. நிற்கும்போது அரை நூல் உள்வாங்கி வைத்தால் ஓடும்போது நேராகும். முன் சக்கரங்களே இழுக்கும் வண்டியில் நிலைமை மாறுபடும். அவற்றுள் சிலவற்றுக்கு உள்வாங்கலே இல்லாமலும், சற்றே வெளிவாங்கியும் அளவு குறித்திருப்பார்கள். அந்தந்த வண்டிக்குரிய அளவைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அரை நூல் என்று வைக்கும் மிஸ்திரி தவறு செய்கிறார்.

சாய்வும் உள்வாங்கலும் அமைந்தும் மோட்டார் ஓட்டுவது தொடக்க காலத்தில் உயிரைப் பணயம் வைக்கும் வேலையாகவே இருந்தது. எமில் லெவாசோர் என்பவர் 1895ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில், 48 மணி 48 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். அவர் பிடித்திருந்தது இன்றுள்ள வட்டமான ஸ்டீரிங் அன்று; படகின் சுக்கான்போன்ற ஒரு நெம்புகோல். மறு ஆண்டில் பாரிஸ் மார்செய் பந்தயத்தில் குறுக்கே ஒரு நாய் வந்தது. வண்டி கவிழ்ந்து, தூக்கி எறியப்பட்ட லெவாசோர் முழுதும் தேறாமலே 1897ஆம் ஆண்டில் காலமானார்.

அவருக்குப் பின் பானார் நிறுவனத்தை நடத்த வந்தவர் ஆர்தர் கிரெப்ஸ். 1884ஆம் ஆண்டில் ஷார்ல் ரெனாருடன் சேர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து இறங்கிய முதல் ஆகாயக் கப்பலைச் செலுத்திய படைத்துறைப் பொறியாளர் இவரே. காற்றில் திசை பிடித்தவர் தரையிலும் அதையே தேடினார். 1896ஆம் ஆண்டுக் காப்புரிமை ஒன்றில், திருப்பிய சக்கரங்கள் கை விட்டதும் தாமே நேர்நிலைக்கு மீளும்படியான அமைப்பை அவர் விவரித்தார். மிதிவண்டியின் முன் கவையைப் பாருங்கள். அது செங்குத்தாக இராமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் அது விழும். ஆகவே தரை தொடும் இடம் அக்கோட்டின் பின்னால், கயிற்றில் கட்டி இழுக்கப்படும் பொருள்போல் தொடர்ந்து வருகிறது. விலகினாலும் தானாக வரிசைக்கு வந்துவிடுகிறது. மோட்டாரில் இதற்கு காஸ்டர் என்று பெயர். ஓட்டுநரின் கை சற்றே தளரலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது.

1920களில் எதிர்பாராத நோய் ஒன்று தோன்றியது. சாலையின் அதிர்ச்சியை விழுங்கும் பருத்த, காற்றழுத்தம் குறைந்த டயர்களும், முன் சக்கரங்களுக்கும் பிரேக்கும் வந்த காலம் அது. குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் முன் சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகப் பித்துப் பிடித்தவைபோல் நடுங்கின; ஸ்டீரிங்கைப் பிடித்த கைகள் உதறின. பட்டறைக்காரர்கள் இதனை ஷிம்மி என்றார்கள். காரணத்தை நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். மிதிவண்டியின் முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, நண்பர் ஒருவரைச் சுழற்றிவிடச் சொல்லுங்கள். பிறகு சக்கரத்தைச் சாய்த்துப் பாருங்கள். அது சாய்வதோடு நில்லாமல் பக்கவாட்டில் திரும்பக் கையை முறுக்கும். சுழலும் பம்பரத்தின் குணம் அது. இரு முன் சக்கரங்களையும் ஒரே இருசு பிணைத்திருக்கும்போது, ஒன்று மேட்டில் ஏறினால் இரண்டும் சாய்கின்றன. சாய்ந்தால் இரண்டும் திரும்புகின்றன. திரும்பினால் மீண்டும் சாய்கின்றன. பிரெஞ்சுப் பொறியாளர் ஜோர்ஜ் புரூலியே 1925ஆம் ஆண்டில் இந்நடுக்கத்தை ஆராய்ந்து எழுதினார். அவரே வேறோர் உண்மையையும் எடுத்துக்காட்டினார்: வளைவில் செல்லும் காற்று டயர், தான் சுட்டும் திசையிலேயே செல்வதில்லை, சற்று வழுவியே செல்கிறது. ஆகவே லாங்கன்ஸ்பெர்கரின் வரைபடம் மெதுவாகத் திரும்பும்போதுதான் முழுக்கப் பொருந்தும். வேகம் கூடக்கூட அதிலிருந்து விலக வேண்டியிருக்கும்.

நோய்க்கு மருந்து இருசை அகற்றுவதே. இத்தாலியில் வின்சென்சோ லான்சியா 1922ஆம் ஆண்டில் வெளியிட்ட லாம்டா வண்டியில், ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனித் தூணில் ஏறி இறங்கியது. அமெரிக்காவில், ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திலிருந்து 1930ஆம் ஆண்டில் கெடிலாக் வந்த மாரிஸ் ஆலி, ஒரு நீண்ட வண்டியின் முன்னும் பின்னும் எடைகளை மாற்றி மாற்றி வைத்து ஓட்டி, பயணிகளின் உடம்பைக் குலுக்காத வண்டிக்கு முன் ஸ்பிரிங்குகள் பின் ஸ்பிரிங்குகளைக் காட்டிலும் மென்மையாக இருக்க வேண்டும் என்று கண்டார். மென்மையான ஸ்பிரிங்கும் பழைய இருசும் சேர்ந்தால் ஷிம்மி பெருகியது; ஆகவே இருசு போக வேண்டியதாயிற்று. 1934ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகளுக்குத் தனித்தனியே அசையும் முன் சக்கரங்களைக் கொடுத்தது. தச்சன் இருசு முனையில் வளைத்து வைத்த சாய்வும் உள்வாங்கலும் அதன்பின் நிலையான அளவுகளாக இல்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் ஒவ்வொரு கணமும் அவை மாறுகின்றன. எவ்வளவு மாறலாம் என்பதைக் கைகளின் நீளத்தாலும் சாய்வாலும் வரைபலகையிலேயே முடிவு செய்ய வேண்டிய காலம் வந்தது.

இன்று பெரிய பட்டறைகளில் சக்கரத்தில் கண்ணாடிப் பலகைகளை மாட்டி, ஒளிப்படக் கருவியும் கணினியும் கொண்டு பாகையின் நூற்றில் ஒரு பங்குவரை அளக்கிறார்கள். என் மிஸ்திரியிடம் இருந்தவை கயிறும் சுண்ணக்கட்டியும் ஓர் அளவுகோலுமே. அவற்றைக் கொண்டே முறுக்காணியைத் திருகி, மூன்றரை நூலை எடுத்தார். புதிய டயர்களைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்புறச் சாலைக்கு வந்தேன். ஒரு வளைவில் திரும்பி, பாதை நேராகும் இடத்தில் பிடியைச் சற்றே தளர்த்தினேன். ஸ்டீரிங் என் உள்ளங்கைகளுக்கு இடையே வழுக்கிக்கொண்டு, தானாகவே நேர்நிலைக்குத் திரும்பி நின்றது.